கியூபா 1962: கென்னடியின் முன்னால் இருந்த வழிகளில் எது சரி?

1962 அக்டோபரில் நடந்த கியூபா ஏவுகணை நெருக்கடியைப் பற்றிப் பேச்சு வந்தால், "அமெரிக்க அதிபர் கென்னடி அசையாமல் நின்றார், சோவியத் தலைவர் குருஷேவ் பயந்து பின்வாங்கினார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் இன்றும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்த வரியை நம்பி அணு ஆயுத நாடுகள் ஒன்றோடொன்று மோதும் விஷயத்தில் முடிவெடுத்தால் ஊரே சாம்பலாகிவிடும். அந்தப் பதின்மூன்று நாட்களில் அமெரிக்க அதிபரின் முன்னால் குறைந்தது ஆறு வழிகள் வைக்கப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் அறிவும் அனுபவமும் உள்ளவர்கள் வாதாடினார்கள். எதைத் தேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்களைவிட நம்மால் நன்றாகச் சொல்ல முடியும். கென்னடி யாருக்கும் சொல்லாமல் பதிவு செய்துவைத்த கூட்டங்களின் ஒலிநாடாக்கள் வெளிவந்துவிட்டன. சோவியத் தரப்பு ரகசியங்களும் பெருமளவு வெளியே வந்துவிட்டன. அதனால் அந்த வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பலனுள்ள வேலை.

நிலைமையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அக்டோபர் 14 அன்று யூ-2 உளவு விமானம் ஒன்று கியூபாவின் சான் கிறிஸ்டோபல் பகுதிக்கு மேலே பறந்து படம் எடுத்தது. மறுநாள் அந்தப் படங்களை ஆராய்ந்தவர்கள், சுமார் 2,000 கிலோமீட்டர் பாயக்கூடிய சோவியத் ஏவுகணைகளுக்கான தளங்கள் அங்கே தயாராகிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். வாஷிங்டன் அந்தத் தூரத்துக்குள்தான் வருகிறது. 16ஆம் தேதி காலையில் பாதுகாப்பு ஆலோசகர் மக்ஜார்ஜ் பண்டி கென்னடியிடம் விஷயத்தைச் சொன்னார். அன்றே ஆலோசகர்கள் குழு கூடியது. அன்றைய ஒலிநாடாவில் கென்னடியே, அந்த ஏவுகணைகளை எப்படியும் அழித்துவிடுவோம் என்று சொல்வது கேட்கிறது. முதல் நாளே முடிவெடுத்திருந்தால் குண்டு வீசியிருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விஷயம் வெளியே கசியாததால் கிடைத்த ஆறு நாள் அவகாசம்தான் மற்ற வழிகளைப் பார்க்கவே இடம் கொடுத்தது.

எதை வைத்து எடைபோடுவது?

அணு ஆயுதம் இல்லாத காலத்தில் ஒரு வழி நல்லதா என்று பார்க்க, "இதில் ஜெயிப்போமா?" என்ற கேள்வி ஓரளவுக்குப் போதும். 1962இல் அமெரிக்காவிடம் 25,000க்கும் மேற்பட்ட அணு ஆயுதங்கள் இருந்தன. சோவியத் யூனியனிடம் இருந்தவை அதில் ஏழில் ஒரு பங்குகூட வராது. அந்தக் கணக்குப்படி பார்த்தால் அமெரிக்கா எதைச் செய்தாலும் ஜெயித்திருக்க வேண்டும். ஆனால் தோற்கிறவனிடம் பத்தே பத்து குண்டுகள் மிச்சமிருந்தாலும் ஜெயித்தவனின் பத்து நகரங்கள் இருக்காது. அதனால் எடைக்கல்லை மாற்ற வேண்டும்.

நான் மூன்று கேள்விகளை வைத்துக்கொள்கிறேன். நமக்குத் தெரிந்ததாக நினைக்கிற தகவல் தப்பாக இருந்தால் இந்த வழி என்ன ஆகும்? எதிராளி மானம் போகாமல் வெளியேற இதில் வாசல் இருக்கிறதா? இன்று செய்ததை நாளைக்கு நிறுத்தவோ மாற்றவோ முடியுமா? இவற்றில் முதல் கேள்விதான் மிக முக்கியம். அந்தப் பதின்மூன்று நாட்களில் வாஷிங்டன் உறுதியாக நம்பிய பல விஷயங்கள் பொய் என்று முப்பது வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

சும்மா இருப்பது

கேட்பதற்கு வினோதமாக இருந்தாலும், ராணுவக் கணக்குப்படி இதற்குப் பலமான வாதம் இருந்தது. அதைச் சொன்னவர் பாதுகாப்பு அமைச்சர் மக்னமாரா. கியூபாவிலிருந்து வரும் ஏவுகணையால் செத்தாலும் சோவியத் மண்ணிலிருந்து வரும் ஏவுகணையால் செத்தாலும் சாவு ஒன்றுதான். இதனால் பலச் சமநிலை பெரிதாக மாறிவிடாது. இது ராணுவப் பிரச்சினையைவிட உள்நாட்டு அரசியல் பிரச்சினைதான் என்று முதல் நாள் கூட்டத்திலேயே வெளிப்படையாகப் பேசினார். துருக்கியில் அமெரிக்க ஏவுகணைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சோவியத் மக்கள் வாழவில்லையா?

ஆனால் செப்டம்பரில் கென்னடி, கியூபாவில் தாக்குதல் ஆயுதங்கள் வந்தால் பொறுத்துக்கொள்ள மாட்டோம் என்று பகிரங்கமாகச் சொல்லிவிட்டார். போன மாதம் அப்படிச் சொல்லாமல், நமக்குக் கவலையில்லை என்று சொல்லியிருக்கலாம் என்று அவரே வருத்தப்பட்டது நாடாவில் இருக்கிறது. சொன்ன சொல்லை விட்டுவிட்டால் அடுத்த நெருக்கடி இரு தரப்பும் பங்குபோட்டு வைத்திருந்த பெர்லினில் வரும், அங்கே குருஷேவ் இன்னும் துணிந்து இறங்குவார் என்ற பயமும் நியாயமானது. நவம்பர் 6 அன்று நாடாளுமன்றத் தேர்தல் வேறு. என் கருத்து: செப்டம்பருக்கு முன்னால் இது நல்ல வழியாக இருந்திருக்கும். அக்டோபரில் இதற்கான கதவைக் கென்னடியே சாத்தியிருந்தார்.

காஸ்ட்ரோவிடம் தனியாகப் பேசுவது

சோவியத் யூனியனை விட்டுப் பிரிந்து வா, இல்லையென்றால் உன் ஆட்சி போய்விடும் என்று கியூபாவின் தலைவர் காஸ்ட்ரோவுக்கு ரகசியச் செய்தி அனுப்பலாம் என்ற யோசனை. இதில் அதிகம் நிற்க வேண்டியதில்லை. ஏவுகணைகள் காஸ்ட்ரோவின் கையில் இல்லை. முந்தைய ஆண்டு பன்றிகள் வளைகுடாவில் அவரைக் கவிழ்க்கப் படை அனுப்பியவர்கள் சொல்வதை அவர் எதற்காக நம்ப வேண்டும்?

குண்டு வீசி அழிப்பது

முதல் இரண்டு மூன்று நாட்கள் அறையில் பலரும் சாய்ந்தது இந்தப் பக்கம்தான். முன்னாள் வெளியுறவு அமைச்சர் டீன் ஆச்சசன் இதற்காக வாதாடினார். முப்படைத் தளபதிகள் ஒருமுகமாக நின்றார்கள். விமானப்படைத் தளபதி கர்டிஸ் லெமே, முற்றுகையும் பேச்சும் ஹிட்லரிடம் மியூனிக்கில் பணிந்துபோனதைப் போல மோசமானவை என்று அக்டோபர் 19 அன்று அதிபரின் முகத்துக்கு நேராகச் சொன்னார். மியூனிக் ஒப்பந்தத்தின்போது லண்டனில் அமெரிக்கத் தூதராக இருந்து, பணிந்துபோவதை ஆதரித்தவர் கென்னடியின் தந்தை. அந்த அடி எங்கே போய் விழுந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இந்த வழியின் கவர்ச்சி அதன் வேகம். ஒரு காலை நேரம், சில நூறு விமானங்கள், பிரச்சினை முடிந்தது. ஆனால் திட்டத்தை விரித்துப் பார்க்கப் பார்க்க அது பெரிதாகிக்கொண்டே போனது. ஏவுகணைத் தளங்களை மட்டும் அடித்தால் குண்டுவீச்சு விமானங்கள் பதிலுக்குப் பறந்துவரும். சரி, விமான தளங்களையும் அடிக்கலாம் என்றால் நம் விமானங்களைச் சுட வான்காப்பு ஏவுகணைகள் இருக்கின்றன. அவற்றையும் அடிக்க வேண்டும். கடைசியில் முதல் நாளில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை விமானங்கள் பறக்க வேண்டும் என்று கணக்கு வந்து நின்றது. இவ்வளவு செய்தும் முழுப் பலன் உறுதியா? 21ஆம் தேதி, தாக்குதலை நடத்த வேண்டிய தளபதி வால்டர் ஸ்வீனியிடமே கென்னடி கேட்டார். தெரிந்த ஏவுகணைகளில் பெரும்பாலானவற்றை அழிக்கலாம், எல்லாவற்றையும் அழிப்போம் என்று உறுதி தர முடியாது என்றார் அவர். தன் வேலையைத் தெரிந்த, நேர்மையான மனிதர். இந்த ஒரு பதிலே இந்த வழியை முடித்துவிட்டிருக்க வேண்டும். தப்பிய ஒரே ஒரு ஏவுகணை போதும், ஒரு நகரம் போய்விடும்.

இன்னொரு விஷயத்தை அதிபரின் தம்பி ராபர்ட் கென்னடியும் வெளியுறவுத் துறைத் துணை அமைச்சர் ஜார்ஜ் பாலும் எழுப்பினார்கள். முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு சிறிய நாட்டின் மீது வல்லரசு பாய்ந்தால் அதற்கும், ஜப்பான் திடீரென்று அமெரிக்காவைத் தாக்கிய பேர்ல் ஹார்பருக்கும் என்ன வித்தியாசம்? ஆச்சசனுக்கு இந்த ஒப்புமை எரிச்சலூட்டியது. எனக்கு இது வெறும் அறவுரையாகத் தெரியவில்லை. திடீர்த் தாக்குதல் நூற்றுக்கணக்கான சோவியத் சிப்பாய்களைக் கொன்றிருக்கும். அதற்குப் பிறகு குருஷேவ் சும்மா இருந்தால் அவர் மாஸ்கோவில் பதவியில் இருக்க முடியாது. எதிராளிக்கு ஒரு வாசல்கூட இல்லாத வழி இது.

படையெடுப்பு

வான் தாக்குதலின் அடுத்த கட்டமாக இது பேசப்பட்டது. ஃபுளோரிடாவில் படைகள் குவிந்தன. இங்கேதான் என் முதல் கேள்வி உயிர் பெறுகிறது.

கியூபாவில் சோவியத் ராணுவத்தினர் எட்டாயிரம், பத்தாயிரம் பேர் இருக்கலாம் என்று அமெரிக்க உளவுத்துறை நினைத்தது. உண்மையில் இருந்தவர்கள் சுமார் 42,000 பேர். தூரம் பாயும் ஏவுகணைகளின் அணுமுனைகள் தீவுக்கு வந்துவிட்டனவா என்பதே வாஷிங்டனுக்கு உறுதியாகத் தெரியாது. வந்திருந்தன. எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், கரையில் இறங்கும் படை மீது போர்க்களத்திலேயே பயன்படுத்தக்கூடிய சிறிய ரக அணு ஆயுதங்கள் நூறுக்கு நெருக்கமாக அங்கே இருந்தன. லூனா என்ற குறுகிய தூர ராக்கெட்டுகள், கடலோரத் தாக்குதலுக்கான க்ரூஸ் ஏவுகணைகள், விமானத்திலிருந்து வீசும் சில குண்டுகள். குவாண்டனாமோவில் உள்ள அமெரிக்கக் கடற்படைத் தளத்தைக் குறிவைத்தும் அணுமுனை ஏவுகணைகளை நகர்த்தினார்கள். லூனா ஏவிகளைப் படத்தில் பார்த்த அமெரிக்கர்களுக்கு அவற்றுக்கான அணுமுனைகள் தீவிலேயே இருப்பது தெரியாது. மக்னமாராவுக்கே 1992 ஜனவரியில் ஹவானாவில் நடந்த மாநாட்டில்தான் இது தெரியவந்தது. அப்போது அவருக்கு வயது 75.

மாஸ்கோ அனுமதி இல்லாமல் அவற்றைத் தொடக்கூடாது என்று உத்தரவு இருந்தது உண்மை. ஆனால் அந்த உத்தரவு ஒரு தந்தியில் வந்த வாசகம். குண்டு விழுந்து தகவல் தொடர்பு அறுந்தபின், கண்ணெதிரே கப்பல்கள் கரையை நெருங்கும்போது, ஒரு தளபதி தந்தியை நினைத்துக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டு இருப்பாரா? அக்டோபர் 27 அன்றே இதற்கு ஓர் அளவுகோல் கிடைத்தது. மேஜர் ருடால்ஃப் ஆண்டர்சன் ஓட்டிய யூ-2 விமானத்தைக் கியூபாவில் இருந்த சோவியத் அதிகாரிகள் மாஸ்கோவைக் கேட்காமலேயே சுட்டு வீழ்த்தினார்கள். அவர் உயிரிழந்தார். படையெடுப்பு ஒரு மரபான போராகத் தொடங்கி, முதல் நாள் சாயங்காலத்துக்குள் அணுப்போராக மாறியிருக்கும் வாய்ப்பு மிக அதிகம். ஆறு வழிகளில் இதுவே மிக மோசமானது. இதற்கு வாதாடியவர்கள் யாரும் முட்டாள்கள் இல்லை என்பதுதான் என்னைத் தூங்கவிடாத விஷயம்.

கடல் முற்றுகை

கென்னடி தேர்ந்தது இது. 22ஆம் தேதி இரவு தொலைக்காட்சியில் அறிவித்தார். சர்வதேசச் சட்டத்தில் முற்றுகை என்பது போர் நடவடிக்கை என்பதால் 'தனிமைப்படுத்தல்' என்று பெயர் வைத்தார்கள். மறுநாள் அமெரிக்கக் கண்டத்து நாடுகளின் அமைப்பு ஆதரவு கொடுத்தது. 24ஆம் தேதி காலை 10 மணிக்கு அமலுக்கு வந்தது.

இதன் பலம் தெளிவானது. முதல் குண்டை யாரும் போட வேண்டியதில்லை. அடுத்த அடியை எதிராளி தீர்மானிக்க விடுகிறது. இன்றைக்கு இறுக்கலாம், நாளைக்குத் தளர்த்தலாம். 25ஆம் தேதி புக்கரெஸ்ட் என்ற எண்ணெய்க் கப்பல் வந்தபோது போகட்டும் என்று விட்டார்கள். 26ஆம் தேதி முதன்முதலாக ஒரு கப்பலில் ஏறிச் சோதித்தார்கள். அந்தத் தேர்வைக் கவனிக்க வேண்டும். மருக்லா என்ற அந்தக் கப்பல் லெபனான் கொடியோடு வந்தது, சோவியத் யூனியன் வாடகைக்கு எடுத்தது. சோவியத் கொடியை நேரடியாக அவமதிக்காமல் முற்றுகை உண்மையானது என்று காட்ட அது வசதியாக இருந்தது. அமெரிக்க மாலுமிகள் ஏறினார்கள், சரக்கைப் பார்த்தார்கள், ஆயுதம் எதுவும் இல்லை, போகலாம் என்றார்கள். பலத்தைக் காட்டியாயிற்று, ரத்தம் சிந்தவில்லை. இவ்வளவு நிதானமாகத் தன் பலத்தைப் பயன்படுத்திய வல்லரசை வரலாற்றில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் முற்றுகையைப் புகழ்கிறவர்கள் இரண்டு விஷயங்களை விட்டுவிடுகிறார்கள்.

முதலாவது, அது ஏற்கெனவே வந்துசேர்ந்த ஏவுகணைகளை ஒன்றும் செய்யவில்லை. தளங்களில் இரவும் பகலும் வேலை நடந்தது. 27ஆம் தேதிக்குள் நடுத்தர தூர ஏவுதளங்களில் ஆறில் ஐந்து இயங்கும் நிலைக்கு வந்துவிட்டதாக உளவுத்துறை கருதியது. முற்றுகைக் கோட்டில் கப்பல்கள் நேருக்கு நேர் நின்று சோவியத் தரப்பு கடைசி நொடியில் கண்ணைத் தாழ்த்தியது என்ற கதையும் சரியில்லை. ஏவுகணை ஏற்றிவந்த கப்பல்களைத் திரும்பச் சொல்லிக் குருஷேவ் முந்தின நாளே உத்தரவு போட்டுவிட்டார். 24ஆம் தேதி காலையில் வாஷிங்டன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தபோது அவை நூற்றுக்கணக்கான மைல் தள்ளி ஊர் திரும்பிக்கொண்டிருந்தன.

இரண்டாவது, கடலுக்கு அடியில் என்ன இருந்தது என்பது முற்றுகையைத் திட்டமிட்டவர்களுக்கு முழுசாகத் தெரியாது. சோவியத் யூனியன் அனுப்பிய நான்கு நீர்மூழ்கிகள் ஒவ்வொன்றிலும் அணுமுனை பொருத்திய டார்பிடோ ஒன்று இருந்தது. 27ஆம் தேதி பி-59 என்ற நீர்மூழ்கியை அமெரிக்கப் போர்க்கப்பல்கள் சுற்றி வளைத்தன. மேலே வரச் சொல்லும் சைகையாகச் சிறிய பயிற்சி வெடிகளைப் போட்டார்கள். இந்தச் சைகை முறையை வாஷிங்டன் மாஸ்கோவுக்கு முன்பே தெரிவித்திருந்தது, ஆனால் நீர்மூழ்கிக்குப் போய்ச் சேரவில்லை. உள்ளே மின்கலம் தீர்ந்துகொண்டிருந்தது, காற்று கெட்டுவிட்டது, சில இடங்களில் வெப்பம் 45 டிகிரியைத் தாண்டியது. வடதுருவக் கடல்களின் குளிருக்காகக் கட்டப்பட்ட கலம் அது. மேலே போர் தொடங்கிவிட்டதா இல்லையா என்றே தெரியாத நிலையில் தலைவர் சவித்ஸ்கி அந்த டார்பிடோவைத் தயார்ப்படுத்தச் சொன்னதாகவும், உடனிருந்த மூத்த அதிகாரி வசிலி அர்க்கிபோவ் அவரை அமைதிப்படுத்தியதாகவும் கலத்தில் இருந்த ஓர் அதிகாரி பிற்காலத்தில் விவரித்திருக்கிறார். கடைசியில் கலம் மேலே வந்தது.

ஆக, இருந்த வழிகளிலேயே நிதானமானது என்று சொல்லப்படுகிற முற்றுகையும் தகவல் பிழையால் அணு ஆயுதத்தின் வாசல்வரை போய்த் திரும்பியது. அதன் உண்மையான மதிப்பு, பேசுவதற்கு நாட்களை வாங்கித் தந்ததுதான். அந்த நாட்களில் பேசாமல் இருந்திருந்தால் முற்றுகை வெறும் தாமதப்படுத்தப்பட்ட குண்டுவீச்சாக முடிந்திருக்கும். அடுத்த வாரத் தொடக்கத்திலேயே தாக்கத் தயாராக இருந்தார்கள்.

கொடுத்து வாங்குவது

பேச்சை முதல் நாளிலிருந்தே வலியுறுத்தியவர்கள் சிலர் இருந்தார்கள். ஐ.நா. தூதர் அட்லாய் ஸ்டீவன்சன் 17ஆம் தேதியே கென்னடிக்குக் குறிப்பு எழுதினார்: எந்தச் செயலிலும் இறங்கும் முன், எங்கே இருக்கும் அணு ஏவுகணைத் தளத்தைப் பற்றியும் பேசித் தீர்க்கலாம் என்பதைத் தெளிவுபடுத்திவிடுங்கள். பிறகு துருக்கியில் உள்ள அமெரிக்க ஜூப்பிட்டர் ஏவுகணைகளை விட்டுக்கொடுக்கலாம் என்றும் பேசினார். அறையில் அவர் மேல் பாய்ந்தார்கள்.

முதல் நாளே ரகசியமாகக் குருஷேவிடம் பேசத் தொடங்கியிருந்தால் போதுமா? இதைப் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். போதாது என்றே தோன்றுகிறது. 18ஆம் தேதி சோவியத் வெளியுறவு அமைச்சர் குரோமிக்கோ வெள்ளை மாளிகைக்கு வந்து, கியூபாவுக்குத் தற்காப்பு உதவி மட்டுமே செய்கிறோம் என்று கென்னடியிடமே சொல்லிவிட்டுப் போனார். எந்த அழுத்தமும் இல்லாமல் பேச்சு தொடங்கியிருந்தால் பேச்சு நீளும், தளங்களும் முடிந்துவிடும். முற்றுகை இல்லாத பேச்சு பலவீனமானது. பேச்சு இல்லாத முற்றுகை ஆபத்தானது. இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்தன.

சேர்ந்த விதத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். 26ஆம் தேதி குருஷேவிடமிருந்து நீண்ட, உணர்ச்சிகரமான கடிதம் வந்தது. போரின் முடிச்சைப் போட்ட கயிற்றின் இரண்டு முனைகளையும் நாம் இழுக்க வேண்டாம், இழுக்க இழுக்க அது இறுகும் என்று எழுதியிருந்தார். கியூபாவின் மீது படையெடுக்க மாட்டோம் என்று உறுதி கொடுத்தால் போதும் என்ற தொனி. மறுநாள் காலை மாஸ்கோ வானொலியில் இன்னொரு கடிதம், துருக்கி ஏவுகணைகளையும் எடுக்க வேண்டும் என்று. அறையில் ஏறக்குறைய எல்லோரும் அதை எதிர்த்தார்கள். துருக்கியை விட்டுக்கொடுத்தால் நேட்டோ கூட்டணி நம்மை நம்பாது என்றார்கள். அன்றைய ஒலிநாடாவைக் கேட்டால் கென்னடி கிட்டத்தட்டத் தனியாக நிற்கிறார். நியாயமாக யோசிக்கிற யாருக்கும் இது சரியான பரிமாற்றமாகத்தான் தெரியும், இதை மறுத்துவிட்டுப் போருக்குப் போனால் நாம் எப்படி விளக்கம் சொல்வோம் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். அவர் எடுத்த முடிவுகளிலேயே எனக்கு மிகவும் மதிப்பு உண்டாக்குவது இந்தப் பிடிவாதம்.

ஏனென்றால் விலை ஒன்றுமே இல்லை. துருக்கியில் இருந்த 15 ஜூப்பிட்டர்களும் திறந்த வெளியில் நின்ற, திரவ எரிபொருளில் ஓடும் பழைய ரகம். எதிரி முதலில் அடித்தால் அவற்றால் பயனே இல்லை. அந்த வேலையைச் செய்ய பொலாரிஸ் ஏவுகணைகளைத் தாங்கிய நீர்மூழ்கிகள் வந்துகொண்டிருந்தன. சோவியத் விவகாரம் தெரிந்த லூவலின் தாம்ப்சன், குருஷேவுக்குத் தன் மக்களிடம் "நான் கியூபாவைக் காப்பாற்றினேன்" என்று சொல்லிக்கொள்ள ஏதாவது வேண்டும், அது கிடைத்தால் இறங்கிவருவார் என்று சொன்னதும் சரியாகவே இருந்தது. எதிராளியின் வீட்டுக்குள் என்ன பிரச்சினை என்று தெரிந்த ஒருவர் அறையில் இருப்பது ஒரு படைப்பிரிவுக்குச் சமம்.

27ஆம் தேதி இரவு அதிபர் அலுவலகத்தில் கென்னடியோடு எட்டுப் பேர் மட்டும் கூடினார்கள். வெளியுறவு அமைச்சர் ரஸ்க் சொன்ன யோசனைப்படி, ராபர்ட் கென்னடி சோவியத் தூதர் டோப்ரினினைச் சந்தித்தார். கியூபா மீது படையெடுக்க மாட்டோம் என்பது பகிரங்க வாக்குறுதி. ஜூப்பிட்டர்கள் சில மாதங்களில் துருக்கியிலிருந்து போய்விடும், ஆனால் அதை ஒப்பந்தம் என்று யாரும் வெளியே சொல்லக்கூடாது. இதுவும் நடக்காவிட்டால், ஐ.நா. பொதுச்செயலாளர் ஊ தாண்ட் வாயிலாகவே அந்தப் பரிமாற்றத்தை முன்வைக்க வைக்கலாம் என்று கென்னடியும் ரஸ்கும் தனியாக ஒரு மாற்று ஏற்பாடும் செய்துவைத்திருந்தார்கள். ரஸ்க் அதை 1987இல்தான் வெளியே சொன்னார். 28ஆம் தேதி காலை குருஷேவ் ஏவுகணைகளைத் திரும்ப எடுப்பதாக மாஸ்கோ வானொலி அறிவித்தது.

(அந்த அக்டோபர் 20ஆம் தேதிதான் சீனா இந்திய எல்லையில் பெருந்தாக்குதலைத் தொடங்கியது. இரண்டு வல்லரசுகளின் கவனமும் கரீபியன் கடலில் மாட்டிக்கொண்ட நேரம்.)

மாஸ்கோ பக்கத்துக் கணக்கு

குருஷேவுக்கும் வழிகள் இருந்தன என்பதை நாம் மறந்துவிடுகிறோம். ஆகஸ்ட் கடைசியில் கியூபத் தலைவர்களான சே குவேராவும் எமிலியோ அரகோனேஸும் மாஸ்கோ போய், கியூபாவுக்கு ஏவுகணை அனுப்பும் ராணுவ ஒப்பந்தத்தை வெளிப்படையாக அறிவித்துவிடலாம் என்று கேட்டார்கள். குருஷேவ் மறுத்தார். வெளிப்படையாகச் செய்திருந்தால், துருக்கியில் அமெரிக்கா செய்ததையே நாங்களும் செய்கிறோம் என்று சொல்லிக்கொள்ளலாம். அமெரிக்காவால் அதை எதிர்க்க நல்ல காரணமே கிடைத்திருக்காது. ஒளித்துக் கொண்டுவந்ததுதான் அமெரிக்கக் கோபத்துக்கு நியாயம் கொடுத்தது. தவறான வழியைத் தேர்ந்த அதே மனிதர்தான் 28ஆம் தேதி சரியான வழியில் இறங்கினார். கியூபா மீது படையெடுப்பு வந்தால் அமெரிக்காவின் மீது முதலில் அணுத்தாக்குதல் நடத்துங்கள் என்கிற பொருளில் காஸ்ட்ரோவிடமிருந்து வந்த கடிதம் அவரை உலுக்கியிருந்தது. காஸ்ட்ரோவைக் கேட்காமலேயே அவர் முடிவெடுத்தார், காஸ்ட்ரோ அதைச் செய்தியாகத்தான் கேட்டார். அந்த அவமதிப்பு கியூபாவுக்கு நியாயமான மனக்குறை.

என் தேர்வும், அதில் ஒரு குறையும்

ஆக, முற்றுகையும் கொடுக்கல் வாங்கலும் சேர்ந்த வழியே சரி என்பேன். தகவல் தப்பாக இருந்தபோதும் அது உடனே வெடிக்கவில்லை, குருஷேவுக்கு வாசல் வைத்தது, ஒவ்வொரு நாளும் மாற்றிக்கொள்ள முடிந்தது. அதன் பலவீனம் தகவல் தொடர்பின் தாமதம். குருஷேவின் 26ஆம் தேதிக் கடிதம் மாஸ்கோவில் உள்ள அமெரிக்கத் தூதரகத்தில் கொடுக்கப்பட்டு வாஷிங்டனில் முழுசாக வந்துசேர ஏறக்குறைய அரை நாள் ஆனது. அந்தக் குறையை 1963 ஜூனில் இரு தலைநகரங்களுக்கும் இடையே நேரடித் தொடர்பு ஏற்பாடு செய்து சரிசெய்தார்கள். ஆகஸ்டில் வளிமண்டலம், விண்வெளி, கடலடி அணுச்சோதனைகளைத் தடை செய்யும் ஒப்பந்தமும் கையெழுத்தானது.

சரிசெய்யாமல் விட்டது அந்த ரகசியம். டோப்ரினின் 29ஆம் தேதி ஜூப்பிட்டர் உடன்பாட்டைக் குறிப்பிடும் கடிதத்தைக் கொண்டுவந்தபோது, ராபர்ட் கென்னடி மறுநாள் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், காகிதத்தில் எதுவும் இருக்கக்கூடாது என்று. டிசம்பரில் ஒரு பெரிய வார இதழ், ஸ்டீவன்சன் மியூனிக் மாதிரிப் பணிந்துபோக விரும்பினார் என்று எழுதியது. அவர் சொன்னதைத்தான் கென்னடி செய்திருந்தார். அதைச் சொல்லி அவர் பெயரைக் காப்பாற்ற முன்வந்தவர்கள் யாரும் இல்லை. இந்த அநியாயம் இன்று படித்தாலும் கோபம் வரவைக்கிறது.

நெருக்கடி நேரத்தில் சில வாரங்களுக்கு ரகசியம் காத்தது எனக்குப் புரிகிறது. கூட்டணி நாடுகள், தேர்தல், குருஷேவின் மானம், எல்லாம் இருந்தன. ஆனால் அது கால் நூற்றாண்டுக்கு மேல் நீண்டது. ராபர்ட் கென்னடியின் நினைவுக் குறிப்புகளைப் பதிப்பித்தபோது இந்த உடன்பாட்டை மழுப்பிவிட்டதாக, அதிபர் கென்னடியின் ஆலோசகராக இருந்த தெடோர் சோரன்சன் 1989இல் மாஸ்கோவில் நடந்த மாநாட்டில்தான் ஒப்புக்கொண்டார். இடைப்பட்ட காலத்தில் ஒரு தலைமுறை அரசியல்வாதிகள், படிப்படியாக அழுத்தத்தைக் கூட்டினால் எதிராளி இறங்கிவருவான் என்ற பாதிக் கதையை மட்டும் படித்தார்கள். 27ஆம் தேதி இரவு அந்தச் சிறிய கூட்டத்துக்கு அழைக்கப்படாதவர்களில் துணை அதிபர் லிண்டன் ஜான்சனும் ஒருவர். 1965இல் வட வியட்நாம் மீது படிப்படியாகக் குண்டுவீச்சைக் கூட்டும் முடிவை எடுத்தவர் அவர்தான், ஆலோசனை சொன்னவர்களில் மக்னமாராவும் பண்டியும் ரஸ்கும் இருந்தார்கள், மூவரும் அந்த இரவு அறைக்குள் இருந்தவர்கள். துருக்கியிலிருந்து ஜூப்பிட்டர்கள் 1963 ஏப்ரலில் கழற்றப்பட்டபோதாவது துணை அதிபரையும், நாடாளுமன்றத்தின் வெளியுறவுக் குழுவில் இருந்த சிலரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, இது எப்படி முடிந்தது என்று முழுசாகச் சொல்லியிருக்க வேண்டும்.